அந்த இரண்டரை விநாடி

அன்புள்ள அம்மிணி,

உன் அறிக்கை வந்து சேர்ந்தது. ஆட்டமில்லாத வாரம்தானே, ஆன் ஆர்பருக்கு வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போவாய் என்று அத்தை அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். நீ வரவில்லை, மின்னஞ்சலில் பாஸ் ரஷ்தான் வந்தது. புள்ளியியல் படிக்கப் போன பெண் ராத்திரி ஒரு மணிவரை ஃபுட்பால் அணியின் அறையில் உட்கார்ந்து வீடியோ வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது உங்கம்மாவுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. நூலகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டால் அது உன் பாடு.

அறிக்கையைப் படித்தேன். பச்சையும் சிவப்புமாகப் படங்கள் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கின்றன. பயிற்சியாளர்கள் கேட்டது பருவத்தின் நடுவில் தங்கள் அணியைத் தாங்களே எடைபோட்டுக்கொள்ள ஒரு தாள். நீ கொடுத்திருப்பது ஒரு புத்தகம். அதன் முதல் பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் பாஸ் ரஷ், மதிப்பெண் சி. இன்னொன்றில் பாஸ் டிஃபென்ஸ், மதிப்பெண் ஏ. அந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நீ இழுத்திருக்கும் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது கண்ணு, அதைச் சொல்வதற்கு ஒரு மாமா தேவையில்லை.

உன் அப்பாவுக்கு ஃபோனில் உன் வேலையை விளக்க முடியவில்லை என்று சலித்துக்கொண்டாயே, போன வாரம் நான் விளக்கிவிட்டேன். இப்படித்தான் சொன்னேன்: "மச்சான், எதிரணியில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன். பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிற தன் ஆளுக்கு எறியப் பார்ப்பான். நம் பிள்ளைகளில் நாலைந்து பேர் அவன் மேல் பாய்வார்கள். மீதி ஆறேழு பேர், பந்து வாங்க ஓடுகிறவர்களை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். எறிவதற்குள் அவனைப் பிடித்துக் கீழே தள்ளினால் சாக். பாய்கிற பாஸ் ரஷ் எப்படி, பின்னால் காக்கிற பாஸ் டிஃபென்ஸ் எப்படி என்று கணக்கெடுத்துச் சொல்வது உங்கள் மகளின் வேலை." அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு சடுகுடுவுக்குப் போனேன். கோபியில் அவர் ஆடிய காலத்தில், பாடி வந்தவனின் காலை ஓரத்திலிருந்து அள்ளிப் பிடிப்பது அவர் வேலை. ஊர் முழுக்க அந்தப் பிடியைத்தான் பேசும். நடுவில் நின்ற இரண்டு பேர் கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைத்ததால்தான் அந்தக் கால் இவர் கைக்கு வந்தது என்பதை யாரும் பேசியதில்லை. இதைச் சொன்னதும் உன் அப்பா சட்டென்று, "அதென்னமோ மாப்பிள்ளை, பிடிச்சது நான்தானே" என்றார். பார்த்தாயா? ஊருக்கு ஊர் ஆட்டம் மாறினாலும் இந்த வாதம் மாறாது.

உன் சி மதிப்பெண்ணும் ஏ மதிப்பெண்ணும் உன் அப்பா பேச்சைத்தான் பேசுகின்றன. பிடித்தவன் பெயரில் எழுதியிருக்கிறாய். வழியை அடைத்தவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான்?

ஸ்னாப் ஆகி, அதாவது பந்து குவார்ட்டர்பேக்குக்குக் கிளம்பியதிலிருந்து, அது அவன் கையை விட்டுப் போகும்வரை எவ்வளவு நேரம் என்று உன் தாளில் எங்கேயும் இல்லை. முதலில் அதைச் சேர். இரண்டரை விநாடிக்குள் பந்து போய்விட்டால் எந்தக் கொம்பனுக்கும் குவார்ட்டர்பேக்கைத் தொடுவது கஷ்டம். எதிரில் முந்நூறு பவுண்டு எடையில் ஒருவன் குறுக்கே நிற்கிறான், அவனைச் சுற்றிக்கொண்டு ஏழெட்டு யார்டு போகவேண்டும். அந்த மாதிரி எறிதல்களை எடுத்துக்கொண்டு, பாய்கிறவர்களுக்கு "அழுத்தம் இல்லை" என்று நீ போட்டிருக்கிறாய். அது பாவம். இந்தக் காலத்துக் கல்லூரி அணிகள் அடிக்கடி ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் தீர்மானிக்கிற ஆர்பிஓ ஆட்டத்தை ஆடுகின்றன. கல்லூரி விதியில் முன்வரிசை ஆள்கள் மூன்று யார்டுவரை முன்னேறிப் போகலாம், தொழில்முறை ஆட்டத்தில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு சலுகையால் பாய்கிறவனுக்கு முதல் அடி எடுத்து வைப்பதற்கே தயக்கம். அவனைத் தயங்க வைத்தது எதிரணியின் சாமர்த்தியம். அதற்கு இவன் சோம்பேறி என்று பெயர் வாங்கலாமா?

மறுபக்கம் பார். மூன்றரை விநாடி, நாலு விநாடி குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறான் என்றால் பின்னால் காக்கிற கார்னர்பேக்குகள் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருள். அப்போது ஒருவன் ஓடி வந்து சாய்க்கிறான். சாக் அவன் கணக்கில் ஏறுகிறது, கார்னர்பேக்குக்கு ஒரு கோடுகூட இல்லை. அதேபோல், முகத்துக்கு நேரே கை வருகிறதே என்று பயந்து எறிந்த பந்து தப்பிப் போய், எல்லாருக்கும் பின்னால் நிற்கிற சேஃப்டி கையில் விழுந்தால், பயமுறுத்தியவனுக்கு ஒன்றுமில்லை.

உனக்கு நான் எப்போதும் சொல்கிற அந்த இரண்டு ஆட்டத்தை ஒரு தடவை உட்கார்ந்து பார். 2024 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸில் ஷுகர் பவுல்: வாஷிங்டனின் மைக்கேல் பெனிக்ஸ் டெக்ஸஸுக்கு எதிராக 38 எறிதலில் 29 சேர்த்து, 430 யார்டு, இரண்டு டச்டவுன். ஏழு நாள் கழித்து ஹூஸ்டனில் இறுதி ஆட்டம்: அதே பெனிக்ஸ், அந்த ஆண்டு நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை வாங்கிய அதே முன்வரிசை, மிச்சிகனுக்கு எதிராக 51 எறிதலில் 27, 255 யார்டு, ஒரு டச்டவுன், இரண்டு இன்டர்செப்ஷன். எறிதல் ஒன்றுக்கு 11.3 யார்டு எடுத்தவர் 5 யார்டுக்கு வந்துவிட்டார். என்சிஏஏ சூத்திரம் உனக்குத் தெரியும்: யார்டை 8.4-ஆல் பெருக்கு, டச்டவுனுக்கு 330, சேர்ந்த எறிதலுக்கு 100 என்று கூட்டு, இன்டர்செப்ஷனுக்கு 200 கழி, மொத்த எறிதலால் வகு. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் 188.7, இரண்டாவதில் 93.6.

இதில் எவ்வளவு பாஸ் ரஷ், எவ்வளவு பாஸ் டிஃபென்ஸ்? டெக்ஸஸ் முன்வரிசையின் நடுவில் நின்றவர்களில் ஒருவர், அந்த ஆண்டு அவுட்லேண்ட் விருது வாங்கிய டிவாண்ட்ரே ஸ்வெட். பக்கத்தில் பைரன் மர்ஃபி. இரண்டு பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் வெளியே ரோம் ஒடுன்ஸேயும் ஜாலின் போல்க்கும் காவலைக் கழற்றிக்கொண்டு ஓட, பெனிக்ஸுக்குக் காத்திருக்கவேண்டிய தேவையே வரவில்லை. மலை மாதிரி இரண்டு பேர் நடுவில் இருந்து என்ன செய்ய? மிச்சிகன் பெரும்பாலும் நாலு பேரைத்தான் பாயவிட்டது. யார் அந்த நாலு பேர் என்பதைக் கடைசி நொடிவரை காட்டவில்லை. பெனிக்ஸ் முதலில் பார்த்த ஆள் மூடியிருந்தான், இரண்டாவது ஆளைத் தேடும்போது காலடியில் ஆள் வந்தது. இரண்டாம் பாதியின் முதல் எறிதலிலேயே வில் ஜான்சன் பந்தைப் பறித்தார். கடைசியில் மைக் செயின்ரிஸ்டில் பறித்துக்கொண்டு 81 யார்டு ஓடினார். செயின்ரிஸ்டில் முன்பு பந்து வாங்குகிற ரிசீவராக இருந்து 2022-இல் காவல் பக்கம் மாறியவர். பந்து வாங்குகிறவன் அடுத்து எங்கே திரும்புவான் என்பது அவருக்குப் பழைய பாடம். 34-13.

ஆனால் அம்மிணி, இதையும் சொல்லவேண்டும். இரண்டாவது கால்பகுதியில் ஒரு நாலாவது டவுன், கடைசி வாய்ப்பு. ஒடுன்ஸே பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்றார். பெனிக்ஸ் எறிந்தது தப்பிப் போயிற்று. நாங்கள் எல்லாரும் டிஃபென்ஸுக்குக் கைதட்டினோம். கணக்கிலும் அது டிஃபென்ஸுக்குக் கிடைத்த வெற்றிதான். பின்வரிசை உண்மையில் ஏமாந்த இடம் அது. இப்படி ஒன்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கிறது. உன் ஏ மதிப்பெண்ணுக்குள் எத்தனை இப்படி ஒளிந்திருக்கின்றன என்று நீ பார்த்தாயா?

இன்னொரு வேடிக்கை. அதே மிச்சிகன், இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் ரோஸ் பவுலில் அலபாமாவின் ஜேலன் மில்ரோவை ஆறு தடவை சாய்த்தது, அதில் ஐந்து முதல் பாதியிலேயே. அடுத்த வாரம் பெனிக்ஸிடம் சாக் கணக்கு சுருங்கிப் போயிற்று. பாய்ந்தவர்கள் அதே பிள்ளைகள்தான். மில்ரோ பந்தை வைத்துக்கொண்டு வழி தேடுகிற ஆள், பெனிக்ஸ் சட்டென்று விடுகிற ஆள். சாக்கில் பாதி எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் சுபாவம். அதனால்தான் நீ இந்தப் பருவத்தில் இதுவரை யார் யாரை எதிர்த்து ஆடினீர்கள் என்ற வரிசையை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதவேண்டும் என்கிறேன். ஆர்மி, நேவி மாதிரி ஓட்டத்தையே நம்பி ஆடுகிற அணியோடு மோதிய வாரத்தில் "விட்டுக்கொடுத்த பாஸ் யார்டு மிகக் குறைவு" என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது? அவர்கள் எறியவே இல்லையே.

ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்கிற கணக்கை நீ இரண்டு பக்கத்தில் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. ஓட்டத்தை நன்றாக நிறுத்துகிற அணியை எதிர்த்து எல்லாரும் எறியத்தான் செய்வார்கள். பெரிய வித்தியாசத்தில் முன்னால் இருக்கிற அணியை எதிர்த்து நாலாவது கால்பகுதி முழுக்க எறிவார்கள். யார்டு ஏறும், ஏறட்டுமே. எறிதல் ஒன்றுக்கு எவ்வளவு என்று போடு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழந்த யார்டை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், தொழில்முறை ஆட்டத்தில் அணியின் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். ஆக, கல்லூரியில் ஒரு நல்ல பாஸ் ரஷ், ஓட்டத்தை நிறுத்துகிறவர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். எறியக் கிளம்பி, முடியாமல் குவார்ட்டர்பேக் தானே ஓடிப் பிழைத்த தடவைகளும் ஓட்டக் கணக்கில்தான் கிடக்கின்றன. இரண்டையும் அங்கிருந்து பொறுக்கி எடுத்து, எறிய நினைத்தது மொத்தம் எத்தனை தடவை என்று ஒரு எண் வை. நீ எந்த எண் எழுதினாலும் இதுதான் கீழே வரவேண்டும். மேலே இருக்கிற எண்ணை எல்லாரும் பார்ப்பார்கள். கீழே இருப்பதை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தண்டத்தையும் சேர். பந்து வாங்குகிறவனைக் கையைப் பிடித்து இழுத்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு, கூடவே முதல் டவுன். அது பாஸ் யார்டில் வராது. உன் ஏ மதிப்பெண் வாங்கிய கார்னர்பேக் ஒருவன் எத்தனை தடவை கொடி வாங்கியிருக்கிறான் என்று உன் படத்தில் இல்லை. அதே மாதிரி, பாய்கிறவனைச் சமாளிக்க முடியாமல் எதிரணிக்காரன் கட்டிப் பிடித்து 10 யார்டு பின்னால் போனால், அந்த உழைப்பும் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை.

சாக்கைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகப் பார்வை உண்டு. கொஞ்சம் கிழட்டுத்தனம் என்று வைத்துக்கொள். 2000-க்கு முன் என்சிஏஏ சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணவே இல்லை. 1988-இல் அலபாமாவின் டெரிக் தாமஸ் 27 எடுத்தார், சாதனைப் பட்டியலிலோ 2002-இல் அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் எடுத்த 24தான் இருக்கிறது. எண்ணாத காலத்திலும் பிள்ளைகள் பாய்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 2019-இல் ஒஹையோ ஸ்டேட்டின் சேஸ் யங் 16.5 சாக் எடுத்து அந்தப் பல்கலைக்கழகச் சாதனையை உடைத்தார். கடைசி மூன்று ஆட்டத்தில் பூஜ்யம். அந்த மூன்றில் ஒன்று எங்கள் ஊரில் நடந்தது. எங்கள் மிச்சிகன் அணியை 56-27 என்று அடித்துவிட்டுப் போனார்கள். யங்கை ஒற்றை ஆளாகத் தடுக்க எங்கள் பக்கம் யாருக்கும் துணிச்சல் இல்லை, இரண்டு பேரைச் செலவு செய்தோம். செலவான அந்த இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் மற்றவர்கள் புகுந்தார்கள். பூஜ்யம் என்று எழுதியிருக்கிற இடத்தில் என்ன நடந்தது என்று வீடியோவைப் போட்டுப் பார்க்கிற பொறுமை இருக்கிறதே, உன்னிடம் எனக்கு வேண்டியது அதுதான்.

நூறு எறிதலுக்கு ஆறேழு சாக், அவ்வளவுதான் சராசரி. அரைப் பருவத்தில் இரண்டு மூன்று சாக் கூடினாலும் குறைந்தாலும் அதை வைத்து ஒரு பிள்ளையைத் தீர்மானிக்க முடியாது. இதை நீ எனக்குச் சொல்லித் தரவேண்டும், புள்ளியியல் படிக்கிறவள் நீ. இன்டர்செப்ஷன் இன்னும் மோசம். கை வைத்த பந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் கையில் நிற்கிறது, மீதி தரையில் விழுகிறது. எத்தனை பந்தில் கை பட்டது என்று எண்ணு. பிடித்தது ஓரளவு அதிர்ஷ்டம்.

மிச்சிகனையே இன்னொரு விதத்தில் பார். 2021-இல் ஏடன் ஹட்சின்சன் 14 சாக், டேவிட் ஒஜாபோ 11. இரண்டு பேர் தலையில் மொத்த பாரமும். ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக ஹட்சின்சன் மூன்று சாக் எடுத்து, 42-27 என்று ஜெயித்த அன்று இந்த ஊரே தெருவில் நின்றது, நானும் குளிரில் நின்றேன். 2023-இல் அணியிலேயே அதிக சாக் ஜேலன் ஹாரல் எடுத்த 6.5. பெயர் சொல்ல ஆளே இல்லை, ஆனால் ஆட்டத்துக்குச் சராசரி 10.4 புள்ளிதான் விட்டுக்கொடுத்து நாட்டிலேயே முதலிடம். 2021-இல் மைக் மக்டொனால்ட் பால்டிமோர் ரேவன்ஸிலிருந்து கொண்டுவந்து, பிறகு ஜெஸ்ஸி மின்டர் தொடர்ந்த அந்த முறைதான் காரணம் என்பேன்: ஆறு பேர் பாய்வது போல நிற்பார்கள், பாய்வது நாலு பேர், அதுவும் நீ எதிர்பார்த்த நாலு பேர் இல்லை. அந்த ஆண்டு எதிரணிகளின் சைகையைத் திருடிய விவகாரம் வேறு வெடித்தது. அதை மறைத்துவிட்டு மிச்சிகனைப் புகழமாட்டேன். ஆனால் நான் சொன்ன, மிச்சிகன் ஆடிய அந்த இரண்டு ஜனவரி ஆட்டமும் அது வெளியே வந்து எல்லாரும் சைகையை மாற்றிக்கொண்ட பிறகு நடந்தவை. உன் கட்டத்தில் 2021-க்கு ஏ கிடைக்கும், 2023-க்கு பி கிடைக்கும். எந்த அணியை எதிர்த்து எறியச் சொன்னால் உனக்குப் பயமாக இருக்கும்? யோசித்துப் பார்.

சரி, வேலைக்கு வருகிறேன். உனக்கு மைதானத்தில் 22 பேரும் தெரிகிற வீடியோ கையில் கிடைக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கிற எங்களுக்கு ஸ்னாப் ஆன உடனே சேஃப்டிகள் திரையை விட்டு வெளியே போய்விடுவார்கள், பந்து போன பிறகுதான் திரும்ப வருவார்கள். அந்த வசதியை வீணாக்காதே. ஒரு ஆட்டத்தை முதலில் முன்வரிசையை மட்டும் பார், அப்புறம் பின்வரிசையை மட்டும் பார். பந்தைப் பார்க்காதே. பந்தைப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். பந்து கையை விட்ட நொடியில் வீடியோவை நிறுத்து. யார் மூடியிருக்கிறான், யார் திறந்திருக்கிறான், குவார்ட்டர்பேக்கின் இரண்டு கை தூரத்துக்குள் யாராவது வந்தார்களா என்று எழுது. எழுதின பிறகுதான் ஓடவிடவேண்டும். நான் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்த்த காலத்தில், அளவை எழுதும் முன் எதிர்பார்த்த அளவு என்ன என்று பார்க்கிற ஆள்களின் தாளில் எல்லா அளவும் சரியாகவே இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பந்து எந்தக் கோட்டிலிருந்து ஸ்னாப் ஆனது என்று ஒரு பத்தி சேர். கல்லூரி மைதானத்தின் அகலம் 160 அடி, நடுவில் இருக்கிற இரண்டு குறிக்கோடுகளுக்கும் இடையே 40 அடி. பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடைவெளி பதினெட்டரை அடிதான், அங்கே இந்தப் பாகுபாடு இத்தனை கிடையாது. 100 அடிப் பக்கம் நின்று ஓடுகிறவனையும், எல்லைக்கோட்டையே துணையாக வைத்துக்கொண்டு 60 அடிப் பக்கம் நிற்கிறவனையும் நீ ஒரே தராசில் வைத்திருக்கிறாய். உங்கள் அணியில் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறான் என்று கேட்டுக்கொள். எனக்குத் தெரிந்து, நீ குறைத்துப் போட்டிருக்கிற அந்த இரண்டாவது கார்னர்பேக் அகலப் பக்கம் நிற்கிறவனாகத்தான் இருக்கவேண்டும்.

தெரியவில்லை என்று எழுதக் கூச்சப்படாதே. பின்னால் எந்தத் திட்டம் போட்டிருந்தார்கள், அந்த ரிசீவர் யார் பொறுப்பு என்று வீடியோவை மட்டும் வைத்துப் பல சமயம் சொல்ல முடியாது. ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக் காக்கிற ஸோன் காவலில் ஒருவன் தன் இடத்தில் சரியாக நிற்பான், பக்கத்து இடத்துக்காரன் வராததால் அவன் தலைக்கு மேல் பந்து போகும். பார்க்கிறவர்கள் அவனைத்தான் திட்டுவார்கள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட முடியாது. தெரியாத ஊருக்குக்கூட வழி சொல்வாய். அந்தப் பழக்கத்தை இந்தத் தாளில் மட்டுமாவது விடு. ஒரு பத்தி காலியாக இருந்தால் பயிற்சியாளர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அவர் கேட்டால் நீ கற்றுக்கொள்வாய்.

ஏன் இவ்வளவு நோண்டுகிறேன் என்று கேட்பாய். இவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், அம்மிணி. உன்னோடு அதே உணவுக்கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள். முன்பெல்லாம் ஒரு மதிப்பெண் தப்பினால் ஒரு வாரம் பெஞ்சில் உட்காருவான், முடிந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தீர்வுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். யாருக்கு எவ்வளவு, யாரை வைத்துக்கொள்வது, யாரை வேறு அணி பார்த்துக்கொள் என்று அனுப்புவது என்று பேசுகிற மேசைக்கு உன்னை மாதிரிப் பிள்ளைகள் ராத்திரியில் போட்ட எண்கள் போகும். எண் போகும்போது நீ கூடப் போகமாட்டாய், "இது இரண்டரை விநாடிக்குள் போன எறிதல், இவன் மேல் தப்பில்லை" என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. அதனால் அந்தத் தகவல் எண்ணோடேயே இருக்கவேண்டும். "மோசம்", "சோம்பல்" என்று நீ ஓரத்தில் எழுதியிருக்கிற இரண்டு வார்த்தையையும் அழித்துவிடு. பார்த்ததை எழுது, குணத்தை எழுதாதே.

இனி அந்த முதல் பக்கம். இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரே கட்டமாக்கு. சீக்கிரம் போன எறிதல், தாமதமாகப் போன எறிதல் என்று ஒரு பக்கம் பிரி. மூடியிருந்தார்கள், திறந்திருந்தார்கள் என்று மறுபக்கம் பிரி. சீக்கிரம் போய், ஆளும் திறந்திருந்தால் பின்வரிசையைக் கேள். தாமதமாகியும் யாரும் கிட்டே போகவில்லை என்றால் முன்வரிசையைக் கேள். மூடியும் இருந்து, ஆளும் வந்து சேர்ந்தால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி கொடு. மூன்றாவது டவுன்களுக்கு மட்டும் தனியாக இதே கட்டத்தை இன்னொரு தடவை போடு, எத்தனை யார்டு தேவைப்பட்டது என்பதோடு. முதல் டவுனில் ஓட்டத்தை நிறுத்திய நடு ஆள்தான், மூன்றாவது டவுனில் ஓரத்து ஆளுக்குப் பாய வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவன். அவன் பெயர் உன் அறிக்கையில் ஒரு இடத்திலும் வரவில்லை, நான் தேடினேன்.

மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பயிற்சியாளர்கள் நடந்துகொண்டே படிக்கிறவர்கள். உன் வண்ணப் படங்களை மாமாவுக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்க்கும்போது ஒரே எறிதலை மூன்று தடவை அளந்து நடுவில் வருவதை எடுத்துக்கொள், முதல் நாள் விரல் பதறும். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் அளந்ததை மறுநாள் காலையில் நாலைந்து எடுத்து மறுபடி அளந்து பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ராத்திரி அளந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்குச் சீக்கிரம் தூங்கு. உங்கம்மா சொல்லிக் கேட்கமாட்டாய், வீடியோ சொன்னால் கேட்பாய்.

அடுத்த ஆட்டம் சனிக்கிழமை. அதற்குள் அணிக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவாய் என்று தெரியும். அதே தாளை வியாழக்கிழமைக்குள் எனக்கும் அனுப்பு. அணியின் ரகசியம் ஏதாவது இருந்தால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுக் கட்டத்தை மட்டும் அனுப்பு, எனக்கு அது போதும். நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு வண்டி பதிவு செய்துவிட்டாயா என்று அத்தை கேட்கச் சொன்னாள். இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்.

அன்புடன்,
மாமா